வெறுமனே பார்க்கப் பிரித்த காசு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கேரளப் பக்கத்தில் ஒருவர் "பாத்துக்கிடுவோம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பற்றி மருமகள் "நான் பாத்துக்கிடுவேன்" என்றால் கஞ்சி கொடுப்பாள், பீ மூத்திரம் அள்ளுவாள், கடைசியில் வாயில் தண்ணீர் விடுவாள் என்று அர்த்தம். பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரைக்குப் போனாலும் இதேதான். அங்கே "நோக்கும்" என்பார்கள். "அம்மையை ஆரு நோக்கும்?" என்று மலையாளத்தில் கேட்டால், அம்மையை யார் கண்ணால் பார்ப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. யார் வைத்துக் காப்பாற்றுவார்கள் என்றுதான் கேட்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்து இரண்டு பாஷையும் பேசி வளர்ந்த ஒருத்திக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. என் மகளைப் பார்த்த டாக்டர் இந்தப் பக்கத்துக் குளத்தூர்க்காரி. அவளுக்கு நன்றாகவே தெரியும்.

என் மகளுக்கு அப்போது ஆறாம் வகுப்பு. ஓடும்போது காரணமில்லாமல் விழுந்தாள். விழுந்தால் எழுந்திருக்க, முதலில் தரையில் கையூன்றி, பிறகு முழங்காலில் கையூன்றி, பிறகு தொடையில் கையூன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி எழுந்தாள். சோம்பேறி என்று நானே திட்டியிருக்கிறேன். கடைசியில் திருவனந்தபுரத்தில் பெரிய மருத்துவமனையில் காட்டியபோது, தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் ஒரு நோய் என்றார்கள். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது, மருந்து கிடையாது என்றார்கள். அதன் பெயர் என் நாக்கில் இன்றுவரை சரியாக வந்ததில்லை. எனக்குத் தொழிலே மொழி, அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், என் பிள்ளையின் நோயின் பெயரைச் சொல்ல வராது. என்ன பிழைப்பு பாருங்கள்.

அந்த மருத்துவமனையில்தான் டாக்டரைப் பார்த்தோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "அக்கா, நீங்க பாறசாலைப் பக்கமா? நான் குளத்தூராக்கும்" என்றாள். அந்த "ஆக்கும்" காதில் விழுந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக இங்கிலீஷிலும் அச்சடித்த மலையாளத்திலும் எங்கள் பிள்ளையின் தலையெழுத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதன்முதலாக ஒருத்தி நம்ம பேச்சில் பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கே வந்தாள். மரச்சீனி அவித்து மீன்கறி வைத்திருந்தேன். விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டாள். எல்லைப் பஞ்சாயத்துகளில் இதே நோயோடு இன்னும் சில பிள்ளைகள் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தாள். அதியன்னூரில் உண்டு, வெள்ளறடைப் பக்கம் உண்டு. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து, பத்து வருஷம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றாள்.

"பாத்து?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் எடுத்து விற்கிற கடை. எங்கள் சர்ச் சபையில் கமிட்டி மெம்பர். சந்தைக்குப் போனால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அந்த நாலு பேர் எழுந்து நிற்பதற்காகவே சந்தைக்குப் போவார் என்று நான் கேலி பேசுவேன். கேலிதான் என்றாலும் உண்மை அதில் பாதிக்கு மேல் உண்டு.

"அண்ணா, ஆறு எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு தெரிஞ்சாத்தானே, அணை கெட்டுன பொறவு எவ்வளவு கொறஞ்சுதுன்னு சொல்ல முடியும்?" என்றாள் டாக்டர். "இந்தச் சீக்கு மருந்தே இல்லாம தன்னால எப்படிப் போகுதுன்னு ஆருக்கும் தெரியாது. அது தெரியாம எந்த மருந்து வந்தாலும் வேலை செய்யுதா இல்லியான்னு சொல்ல ஒக்காது. ஆனா ஒரு சங்கடம். மருந்து கண்டுபிடிக்கப் போறேன்னு சொன்னா பைசா கிட்டும். மெஷின் வாங்கப் போறேன்னா கிட்டும். பத்து வருஷம் சும்மா இருந்து பாக்கியதுக்கு ஆரு பைசா தருவா?"

"ஆரும் தரமாட்டாங்க" என்றார் அவர்.

"நம்ம ஊரு தரும்" என்றேன் நான். அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். என் புத்தி எப்போதும் என் வாய்க்குப் பின்னால்தான் வரும்.

டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒண்ணும் பேடிக்காண்டாம். பிள்ளையள நாங்க பாத்துக்கிடுவோம்." அந்தச் சொல்லைச் சொன்னாள். என் வீட்டில், என் சோற்றைத் தின்றுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

சபை ஹாலில் கூட்டம் போட்டோம். சபையார் மட்டுமல்ல, பக்கத்துக் கோயில் கமிட்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். டாக்டர் கொண்டு வந்த பேனரில் மலையாளத்தில் "தீர்க்ககால நிரீக்ஷணம்" என்று எழுதியிருந்தது. நீண்டகாலக் கண்காணிப்பு என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். ஆனால் கொரோனாக் காலத்தில் எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேறு வாழ்க்கை வந்திருந்தது. "நிரீக்ஷணத்தில் இருக்கிறார்" என்றால் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார், பஞ்சாயத்து அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று அர்த்தம். பின்வரிசையில் இருந்த ஒரு சாயாக்கடைக்காரர் பேனரை வாசித்துவிட்டு, "பத்து வருஷம் நிரீக்ஷணமா? அம்மாடி! அப்ப பத்து வருஷத்துக்கும் சோறு வீட்டுக்கு வருமாக்கும்!" என்றார். ஹாலே சிரித்தது. டாக்டரும் சிரித்தாள். அப்படி இல்லை, நாங்கள் வெறுமனே அளந்து பார்ப்போம், அவ்வளவுதான் என்று அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்ததோடு சரி.

வீட்டுக்காரரை நிதிக் கமிட்டிக்குக் கன்வீனர் ஆக்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை எழுந்து கும்பிட்டார். அதன் பிறகு மனிதர் வேறு ஆளாகிவிட்டார், அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாவி. வெயிலென்றும் மழையென்றும் பார்க்கவில்லை. கோயில் கமிட்டியிடம் போய், "ஒரு வருஷம் வெடிக்கெட்டு வேண்டாம், அந்தக் காசை இந்தப் பிள்ளையளுக்குத் தாருங்க" என்று கேட்டார். திருவிழாவில் வாணவேடிக்கை இல்லை என்றால் எங்கள் பக்கத்தில் அது திருவிழாவே இல்லை. பையன்கள் முறைத்தார்கள். அவர் ஒவ்வொரு பையனாகத் தோளில் கை போட்டுப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த வருஷம் சாமி சத்தமில்லாமல்தான் எழுந்தருளினார்.

சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவார்கள். ஏலம் எடுத்தவர் மனசு வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், மறுபடி ஏலம் போகும். அந்த வருஷம் ஏலம் விட்டவர் என் வீட்டுக்காரர். ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மகளை அருகில் நிறுத்தி, "எனக்க மோளுக்க காலுக்காக்கும் இந்தக் குலை! ஆரு எடுக்கியா?" என்று கத்தினார். அந்தக் குலை எடுக்கப்பட்டது, திரும்பி வந்தது, மறுபடி எடுக்கப்பட்டது, மறுபடி திரும்பி வந்தது. பழம் கறுத்துப்போகும் வரை ஓடியது. மகள் வெட்கத்தில் என் பக்கம் பார்த்து, "அம்மா, அப்பா என்னையும் சேத்து ஏலம் விட்டிருவாரு போல" என்று வாயசைத்தாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தது. அப்படி ஒரு மனிதரைக் கட்டியிருக்கிறேன் என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன், அடி பாவி!

படிப்பு தொடங்கியது. டாக்டரின் ஆய்வை எல்லோரும் படிப்பு என்றுதான் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, சபை ஹாலில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, டாக்டரும் அவள் கூட வருகிறவர்களும் பிள்ளைகளை ஒவ்வொருவராக நடக்கச் சொல்வார்கள், தரையிலிருந்து எழச் சொல்வார்கள், ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். டாக்டர் தரையில் முழங்கால் போட்டு என் மகளின் செருப்பு வாரைத் தன் கையால் மாட்டிவிடுவாள். "மக்கா, மெள்ள எழும்பு, அவசரப்படாண்டாம்" என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் மீன்கறி கொண்டுபோவேன். எங்கள் வீட்டில் ஒருத்தி என்றுதான் அவளை நினைத்திருந்தேன்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் மகளுக்கு எழுந்திருக்க நேரம் கூடிக்கொண்டே போனது. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கருவி வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "இதுக்கு ஒண்ணும் செய்யாண்டாமா?"

"இப்ப ஒண்ணும் செய்யக்கூடாது அக்கா" என்றாள். "அதுதானே விஷயம். பாத்துக்கிட்டுதானே இருக்கோம்."

நான் அதையும் நம்பினேன். டாக்டர் சொன்னால் காரணம் இருக்கும். நம்ம ஊர்ப் பிள்ளை சொன்னால் கூடுதல் காரணம் இருக்கும்.

மகள் பத்தாம் வகுப்பு முடிக்கிற சமயத்தில் நடை முழுசாக நின்றுபோனது. பள்ளியில் காலை வணக்கத்துக்கு நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், பிறகு அவளால் எழ முடியவில்லை. நான்கு பிள்ளைகள் சேர்ந்து தூக்கினார்கள். அன்றிலிருந்து சக்கர நாற்காலி. எல்லோருக்கும் இது வருகிற வழிதான் என்று டாக்டர் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் இப்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அதற்கு அடுத்த ஓணப் பரீட்சை சமயம். வீட்டுக்காரர் கடையில் மறந்து வைத்த சாவியை எடுக்கப் பனச்சமூட்டுக்குப் போயிருந்தேன். சந்திப்பில் மார்த்தாண்டம் போகிற பஸ் நின்றது. ஒரு பையன் ஏறிக்கொண்டிருந்தான். என் மகள் வயசுதான் இருக்கும். கம்பியைப் பிடித்து, முழங்காலில் கையூன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, ஒவ்வொரு படியாக ஏறினான். கண்டக்டர் திட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கையூன்றலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பின்னால் நின்ற அவன் அம்மாவிடம் அவசரமாக மகளின் நோயின் பெயரைச் சொன்னேன். குளறித்தான் சொன்னேன். அவள் திகைத்து, "ஓம், அதேதான். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வந்த வேலையை விட்டுவிட்டு நானும் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாவியும் மயிரும்!

அவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் பஞ்சாயத்து. எங்கள் படிப்பில் ஆள் சேர்த்து முடிந்த பிறகு வந்தவர்கள், அதனால் சேர்த்துக்கொள்ளவில்லை. மகன் பெங்களூரில் நடக்கும் ஒரு புது மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருக்கிறான் என்றாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர், யாருக்கு எது என்று யாருக்கும் சொல்ல மாட்டார்களாம். "எதுவோ எனக்குத் தெரியாது. ரெண்டு வருஷமா இவன் இப்படியே நடக்கியான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

"எங்க மோளச் சேக்க முடியுமா?"

"நடக்குமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "தன்னால எழும்பி நடக்கிய பிள்ளையளத்தான் எடுப்பாங்க" என்றாள் மெதுவாக. பிறகு, "ஒங்களுக்கு டாக்டர் சொல்லல்லியா? எங்களுக்கு அவங்கதானே சொன்னாங்க. குளத்தூர்க்கார டாக்டர்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் நடந்துகொண்டிருந்தாள். மாடியேறித் துணி காயப்போடுவாள். களியக்காவிளையில் இறங்கித் திரும்பி வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலில் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அடுத்த சனிக்கிழமைப் பரிசோதனை வந்தது. மகளை உள்ளே குழாய் ஊத அழைத்துப் போயிருந்தார்கள். டாக்டர் வாசலில் வந்து, "அக்கா, இன்னைக்கு மீன்கறி இல்லியா?" என்றாள்.

"பெங்களூர்ல மருந்து பாக்கியது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் முகம் வெளுத்தது. பிறகு வாயைத் திறந்தாள், மலையாளம் வந்தது.

"டீச்சறே, ஞங்ஙள் நோக்கும் எந்நல்லே பறஞ்ஞது? சிகில்சிக்கும் எந்நு பறஞ்ஞிட்டில்லல்லோ."

பார்ப்போம் என்றுதானே சொன்னோம், வைத்தியம் செய்வோம் என்று சொல்லவில்லையே என்கிறாள். அவள் சொன்னதைவிட, அதை அவள் சொன்ன பாஷைதான் என்னை அடித்துப்போட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் பாஷையைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்போம், சண்டையைக்கூட இரண்டிலும் போடுவோம். ஆனால் நம்மோடு தமிழில் மட்டுமே பேசி வந்த ஒருத்தி சட்டென்று மலையாளத்துக்கு மாறினால், அது கதவைச் சாத்துகிற சத்தம். தாலுக்கா ஆபீஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் மாறுவார்கள். இத்தனை வருஷம் அக்காவாக இருந்த நான் ஒரே நொடியில் டீச்சர் ஆகிவிட்டேன்.

"அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொன்ன. எனக்க பிள்ளைக்கு ஏன் சொல்லல்ல? அவ நடந்துக்கிட்டிருந்தாளே! ஒனக்க படிப்புல அப்ப நடந்துக்கிட்டிருந்த பிள்ளை அவ ஒருத்திதானே, மத்ததெல்லாம் நாற்காலிக்குப் போயாச்சே! அவ போனா ஒனக்குக் கொறஞ்சு போவுமுன்னுதானே மறைச்ச?"

ஹாலுக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "ஞான் மறச்சிட்டில்ல" என்றாள். "கன்வீனரோடு ஞான் அந்நுதன்னெ பறஞ்ஞதா."

நான் மறைக்கவில்லை, கன்வீனரிடம் அன்றைக்கே சொன்னேன் என்கிறாள்.

எந்தக் கன்வீனர் என்று எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. யாரோ ஒரு அதிகாரி என்று நினைத்தேன். அப்புறம்தான் என் வீட்டில் சாப்பிட்டு, என் பக்கத்தில் படுத்து எழும்புகிற மனிதரை அவள் சொல்கிறாள் என்று தெரிந்தது.

அவள் பிறகும் பேசினாள். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக அவர் சொன்னாராம். ஒரு வாரம் கழித்து, வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை என்றாராம். அப்பா சொன்ன பிறகு அம்மாவிடம் ஏன் தனியாகக் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டாளாம். ஆமாம், விட்டுவிடத்தான் செய்வாள். அவளுக்கும் அது எத்தனை சௌகரியம்! என் வீட்டுக்கு அதற்குப் பிறகு மூன்று தடவையாவது சாப்பிட வந்திருப்பாள். ஒரு தடவை, "அக்கா, பெங்களூருக்குப் பிள்ளைய அனுப்பாண்டாமுன்னு முடிவு செய்திட்டியளா?" என்று அவள் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாதா? கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அவர் பின்பக்கம் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மகள் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தமாகத்தான் வைத்திருந்தாள்.

"பெங்களூர்" என்றேன். அந்த ஒரு சொல்தான்.

அவர் கையில் இருந்த ஷீட்டைப் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. எத்தனையோ நாளாக இந்தச் சொல்லுக்குக் காத்திருந்தவர் மாதிரி நின்றார்.

"அவ செல்லியாச்சா?" என்றார், சொல்லிவிட்டாளா என்ற அர்த்தத்தில்.

"நீங்க ஏன் செல்லல்ல?"

"எப்படிச் செல்லுவேன்?" என்றார். "நம்ம மோளக் காட்டித்தானே காசு பிரிச்சேன். கோயில்காரங்க வெடிக்கெட்ட நிறுத்துனாங்க. கூலிவேல செய்யிறவன்கூட எனக்க மொகத்தப் பாத்துத் தந்தான். நம்ம பிள்ளைய மட்டும் படிப்புலேருந்து மெள்ள எறக்கிக் கொண்டுபோனா, ஊருல நான் எப்படித் தலை நீட்டுவேன்? 'ஊரு காசுல படிப்பு, தனக்க பிள்ளைக்கு மருந்து'ன்னு செல்லமாட்டாங்களா?"

"செல்லட்டுமே!"

"பின்ன, மருந்து பிடிக்காம பிள்ளைக்கு வல்லதும் ஆயிப்போனா? பேடியும் உண்டு எனக்கு."

பேடியும் உண்டு. இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் முதலில் சொன்னது மானம். பிறகுதான் பயத்தைத் தேடி எடுத்துச் சேர்த்தார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு எது முதலில் வந்தது என்று தெரியாதா? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பயிருக்கு அப்போது நடக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் அடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. ஷீட் தரையில் விழுந்து மண் பட்டது, ஒன்றுக்கும் உதவாமல் போனது.

கை ஓய்ந்த பிறகு அவர் கேட்டார்: "நீயா இருந்தா என்ன செய்திருப்ப?"

"போயிருப்பேன்! ஊரே காறித் துப்பினாலும் அடுத்த ரயில்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன்!"

"தெரியும்" என்றார் அவர். "அதுனாலதான் செல்லல்ல."

அப்போது முன்னறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, பாத்ரூம் போணும், வாங்க." அவர் முகத்தைத் தோர்த்துத் துண்டால் துடைத்துக்கொண்டு, "இன்னா வாறேன் மக்கா" என்று போனார்.

அவரைத்தான் கூப்பிடுவாள். என்னைக் கூப்பிடுவதில்லை. நான் தூக்கினால் அக்குளில் வலிக்கிறதாம், அப்பா தூக்கினால் வலிக்காதாம். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கு, சாயங்காலம் மறுபடி திரும்ப. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போவாள். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவளுக்கு இந்த உலகத்தில் ஒரு மனிதர் மேல் முழு நம்பிக்கை உண்டு என்றால் அது அவர்தான். இதை நான் சொன்னால், நாளைக் காலையில் அவள் யார் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுவாள்? சொல்லாவிட்டால் அவர் செய்ததில் எனக்கும் பங்கு. என்னை ஏமாற்றியதோடு நிற்காமல் என்னையும் கூட்டாளி ஆக்கிவிட்டார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டாக்டரை நான் வெறுத்துவிட்டுப் போய்விடலாம், அவள் குளத்தூரில் இருக்கிறாள். இவர் இங்கே இருக்கிறார்.

படிப்பிலிருந்து எங்கள் பிள்ளையை விலக்கிக்கொண்டேன். நாற்காலிக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் இனி முக்கியம், தயவுசெய்து தொடருங்கள் என்று வேறு யாரையோ விட்டுப் பேசச் சொன்னாள் டாக்டர். போனை வைத்துவிட்டேன். ஊரில் இப்போது, காசு பிரித்துவிட்டுப் பாதியில் இறங்கிவிட்டார்கள் என்றுதான் பேச்சு. எதற்குப் பயந்து அவர் அதைச் செய்தாரோ அதுவும் நடந்துவிட்டது. நாலு பேர் இப்போது எழுந்து நிற்பதில்லை.

அவரோடு நான் பேசுவதில்லை. சோறு எடுத்து வைப்பேன், கறி ஊற்றுவேன், அவ்வளவுதான். மகள் கேட்கிறாள்: "அம்மா, நீங்க ரெண்டு பேரும் எதுக்கு மிண்டாம இருக்கிய? அப்பா பாவமில்லியா?"

"ஒண்ணுமில்ல மக்கா" என்கிறேன்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் என் மகளை இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிக்க வைத்தேன், இரண்டாம் பாஷை மலையாளம். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். அவளுக்குத் தமிழ் பேச வரும், ஒரு எழுத்துகூட வாசிக்க வராது. அவருக்கு வரும். இது அச்சாகி வந்தால் ஒரு பிரதி வீட்டுக்கு வரும், முன்னறை மேஜையில்தான் போடுவேன். அவள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, எப்போதும் போல அவரிடம் நீட்டி, "அம்மா என்னவாக்கும் எழுதியிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க அப்பா" என்று கேட்பாள்.

அவரே சொல்லட்டும்.